தைராய்டு ரிப்போர்ட்டில் முதலில் எந்த எண்ணைப் பார்ப்பது?

காலையில் ரத்தம் கொடுத்தால் சாயங்காலம் ரிப்போர்ட் வாட்சப்பில் வந்துவிடுகிறது. டாக்டரைப் பார்ப்பதோ நாளைக்கு, இல்லாவிட்டால் திங்கட்கிழமை. நடுவில் வரும் அந்த ராத்திரியில்தான் வீட்டில் எல்லோரும் டாக்டர் ஆகிவிடுகிறார்கள். தடித்த எழுத்தில் ஒரு எண், பக்கத்தில் மேலே பார்த்த ஒரு அம்புக்குறி, அது போதும். ‘முட்டைக்கோஸை நிறுத்து’ என்று சித்தி ஒரு பக்கம், ‘இனி காலம் பூரா மாத்திரைதான்’ என்று பக்கத்து வீட்டு அக்கா ஒரு பக்கம்.

பெரும்பாலான ரிப்போர்ட்டில் இருப்பது மூன்று வரிதான். டி3, டி4, டிஎஸ்எச். அச்சடித்திருக்கும் வரிசையில் படிக்காதீர்கள். கடைசியில் இருக்கும் டிஎஸ்எச்சை முதலில் பாருங்கள், அப்புறம் டி4. டி3 பல பேருக்குத் தேவையே படாது. ஏன் இந்த வரிசை என்று புரிந்துவிட்டால் மீதி சுலபம்.

மேஸ்திரியும் ஆட்களும்

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயை ஒட்டி இருக்கிறது. சாப்பாட்டில் வரும் அயோடினை ரத்தத்திலிருந்து இழுத்து டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களைச் செய்கிறது. பெயரில் உள்ள எண், ஒரு மூலக்கூறில் எத்தனை அயோடின் அணு என்பதைக் குறிக்கிறது. சுரப்பி வெளியே விடுவதில் பெரும்பகுதி டி4. கல்லீரல், சிறுநீரகம் போன்ற இடங்களில் அதிலிருந்து ஒரு அயோடின் கழன்று டி3 ஆகிறது. இதயத் துடிப்பு, உடம்புச் சூடு, குடல் அசைவு, மாதவிடாய் எனப் பல இடங்களில் கை வைப்பது இந்த டி3தான்.

டிஎஸ்எச் தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் உத்தரவு அது. ஏற்காட்டுக் காபித் தோட்டத்து மேஸ்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். பழம் பறிக்கும் ஆட்கள் சுணங்கினால் மேஸ்திரியின் சத்தம் ஏறும். அவர்கள் தேவைக்கு மேல் பறித்துக் குவித்தால் அவர் வாயே திறக்க மாட்டார். டிஎஸ்எச் மேஸ்திரியின் சத்தம். டி4 பறித்து வைத்த பழம்.

எனவே டிஎஸ்எச் ஏறியிருந்தால் தைராய்டு சுணங்குகிறது, இறங்கியிருந்தால் தைராய்டு வேகமெடுத்திருக்கிறது. இந்தத் தலைகீழ்க் கணக்கில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். ‘எனக்கு அதிகமா இருக்குன்னாங்க’ என்று ஒருவர் சொன்னால், எது அதிகம் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. டிஎஸ்எச் அதிகம், டி4 குறைவு என்றால் ஹைப்போதைராய்டு: சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, வறண்ட தோல், எடை கூடுதல். டிஎஸ்எச் அடியோடு இறங்கி டி4-ஓ டி3-யோ ஏறியிருந்தால் ஹைப்பர்தைராய்டு: படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பு.

மேஸ்திரியே படுத்துவிட்டால் என்ன ஆகும்? பழமும் இருக்காது, சத்தமும் இருக்காது. பிட்யூட்டரி பழுதானவர்களுக்கு டி4 குறைவாக இருக்கும். டிஎஸ்எச்சோ குறைவாகவோ, பார்வைக்கு இயல்பாகவோ இருக்கும். பிரசவத்தில் அதிகமாக ரத்தம் போன சில பெண்களுக்கு இப்படி ஆகிறது. பால் சுரக்காமல் போகும், மாதவிடாய் திரும்பாது, எழுந்து நடக்கவே தெம்பு இருக்காது. டிஎஸ்எச் மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று அனுப்பிவிட்டால் இது தப்பிவிடும். அரிதுதான். இருந்தாலும் பிரசவ வரலாற்றை டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

7.8 என்று வந்திருக்கிறது

ஒரு ரிப்போர்ட்டைக் கையில் எடுப்போம். அம்மாப்பேட்டையில் தறி வேலைக்குப் போகும் 42 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி3 118, டி4 7.4, டிஎஸ்எச் 7.8. முதல் இரண்டும் வரம்புக்குள். மூன்றாவது மட்டும் தடித்த எழுத்தில்.

வயது வந்தவர்களுக்கு டிஎஸ்எச் வரம்பு ஏறக்குறைய 0.4-லிருந்து 4 அல்லது 4.5 வரை. இவருக்கு அதைத் தாண்டிவிட்டது, ஆனால் டி4 குறையவில்லை. சத்தம் ஏறியிருக்கிறது, பழம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. டாக்டர்கள் இதை சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டு என்பார்கள். ஊரில் தைராய்டு என்று அலைக்கழிபவர்களில் ஏகப்பட்ட பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

டி4 நன்றாக இருக்கும்போதே டிஎஸ்எச் ஏன் ஏறுகிறது? பிட்யூட்டரிக்கு டி4 விஷயத்தில் மூக்கு ரொம்பக் கூர்மை. டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்எச் இரண்டு மடங்கு ஏறுவதில்லை, 100 மடங்கு வரைகூட ஏறும். தவிர, ஒவ்வொரு உடம்புக்கும் தனக்கென்று ஒரு டி4 அளவு உண்டு. தாளில் அச்சிட்ட வரம்பைவிட அது மிகவும் குறுகியது. எப்போதும் 9-ல் இருந்தவருக்கு 7.4 என்பது இறக்கம். தாள் அதை நார்மல் என்று சொல்லும், பிட்யூட்டரி ஒப்புக்கொள்ளாது. மூன்று எண்ணில் டிஎஸ்எச்சை முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

அப்படியானால் உடனே மாத்திரையா? கர்ப்பிணியாகவோ, கர்ப்பத்துக்கு முயல்பவராகவோ இல்லை என்றால், பெரும்பாலும் இல்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து டிஎஸ்எச்சையும் ஃப்ரீ டி4-ஐயும் (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாத டி4, கீழே சொல்கிறேன்) மறுபடி பார்ப்பதுதான் வழக்கம். கணிசமான பேருக்கு அது தானாகவே வரம்புக்குள் இறங்கிவிடுகிறது. டிஎஸ்எச் 10-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் பெரும்பாலான டாக்டர்கள் மாத்திரை தொடங்குவார்கள். 4.5-க்கும் 10-க்கும் நடுவில் உள்ளவர்களுக்கு வயது, அறிகுறி, கொழுப்பு அளவு எல்லாம் பார்த்துத்தான் முடிவு. 80 வயதுப் பாட்டிக்கு 6.5 இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். வயது ஏற ஏற டிஎஸ்எச்சின் மேல்வரம்பும் கொஞ்சம் ஏறுகிறது.

இந்த நடுவாந்திர ஆட்களுக்கு உபயோகமான இன்னொரு பரிசோதனை ஆன்டி டிபிஓ. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தைராய்டையே தாக்குகிறதா என்று காட்டும். 1912-ல் ஜப்பானிய டாக்டர் ஹஷிமோட்டோ விவரித்த நோய் இது. அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் ஹைப்போதைராய்டுக்கு இதுவே முதல் காரணம். இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், டிஎஸ்எச்சும் ஏறி இந்த எதிர்ப்பொருளும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு நாலு பேர் முழு ஹைப்போதைராய்டுக்குப் போனார்கள். நூற்றுக்கு நாலு என்பது குறைவும் இல்லை, கூடுதலும் இல்லை. வருடம் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆன்டி டிபிஓ ஒருமுறை பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் போதும். அது 300-லிருந்து 500 ஆனதா என்று மாதாமாதம் பார்ப்பது பணத்துக்குக் கேடு.

வரம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆரோக்கியமானவர்கள் பலரின் ரத்தத்தைச் சோதித்து, நடுவில் வரும் 95 சதவீதத்தை எடுத்துத்தான் அந்த எண்களை அச்சிடுகிறார்கள். ஆக, எந்த நோயும் இல்லாத 100 பேரில் 5 பேர் கணக்குப்படியே வெளியே நிற்பார்கள். ‘முழு உடல் பேக்கேஜ்’ என்று அறுபது எழுபது பரிசோதனையை மொத்தமாகச் செய்தால், தடித்த எழுத்தில் ஒன்றிரண்டு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

டோட்டலா ஃப்ரீயா

ரத்தத்தில் இருக்கும் டி4-இல் 99 சதவீதத்துக்கும் மேல் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது. ஒட்டாமல் இருக்கும் துளியூண்டுதான் செல்லுக்குள் போகும். டோட்டல் டி4 இரண்டையும் சேர்த்து அளக்கும்; ஃப்ரீ டி4 அந்தத் துளியை மட்டும். கர்ப்பத்திலும், கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் அந்தப் புரதம் கூடும். டோட்டல் டி4-உம் கூடவே ஏறும், தைராய்டில் கோளாறு ஒன்றும் இருக்காது. எனவே இரண்டில் ஒன்று என்றால் ஃப்ரீ டி4 கேளுங்கள். அதன் வரம்பு டெசிலிட்டருக்கு 0.8-லிருந்து 1.8 நேனோகிராம் அளவில் இருக்கும்.

அலகைப் பார்க்காமல் இரண்டு ரிப்போர்ட்டை ஒப்பிடாதீர்கள். டி3-ஐ ஒரு லேப் 118 என்று போடும், இன்னொரு லேப் 1.18 என்று போடும். முன்னது டெசிலிட்டருக்கு, பின்னது மில்லிலிட்டருக்கு, அளவு ஒன்றேதான். ஃப்ரீ டி4-ஐ சில இடங்களில் பிகோமோலில் தருவார்கள். அங்கே 13 என்று வருவதும் இங்கே 1.0 என்று வருவதும் ஏறக்குறைய ஒன்று. மெஷினுக்கு மெஷின் அளவும் லேசாக மாறும். முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள்.

ஹைப்போதைராய்டில் டி3 நார்மலாக இருக்கிறது என்று ஆறுதல் படவும் வேண்டாம். டி4 குறையும்போது உடம்பு இருப்பதை எல்லாம் டி3 ஆக்கித் தாக்குப்பிடிக்கும். அதனால் டி3 கடைசியாகத்தான் விழும். ஹைப்பர்தைராய்டு சந்தேகம் என்றால் மட்டும் டி3 முக்கியம். சிலருக்கு டி4 வரம்புக்குள் இருந்து டி3 மட்டும் ஏறும்.

ரத்தம் கொடுக்கும் முன்

வெறும் வயிறு கட்டாயம் இல்லை. ஆனால் நேரம் முக்கியம். டிஎஸ்எச் நடுராத்திரியை ஒட்டி ஏறி, மதியத்துக்கு மேல் தாழ்ந்து கிடக்கும். போன முறை காலை ஏழரைக்குக் கொடுத்துவிட்டு இந்த முறை கடை வேலையெல்லாம் முடித்து நாலு மணிக்குக் கொடுத்தால், எண் இறங்கியிருப்பதைப் பார்த்து மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுத்துவிட்டு அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். போட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரிப் படுக்கை இவற்றின்போது எடுக்கும் தைராய்டு ரிப்போர்ட்டை நம்ப முடியாது. நோயின் நடுவில் டி3 விழும். தேறி வரும்போது டிஎஸ்எச் தற்காலிகமாக ஏறும். குணமாகிச் சில வாரம் கழித்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது பயோட்டின். முடி கொட்டுகிறது என்று கடையில் வாங்கும் மாத்திரைகளிலும் மெல்லும் மிட்டாய்களிலும் இருக்கும் வைட்டமின். பல லேப் மெஷின்களில் ரத்த மாதிரியைப் பிடித்து வைக்கும் கொக்கியே பயோட்டின்தான். உங்கள் ரத்தத்திலும் அது நிறைய மிதந்தால் கொக்கி குழம்பிவிடும். டிஎஸ்எச் பொய்யாகக் குறைவாகவும் டி4, டி3 பொய்யாக அதிகமாகவும் காட்டும். தாளைப் பார்த்தால் அச்சு அசல் ஹைப்பர்தைராய்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், முடி கொட்டினால்தான் தைராய்டு பார்க்கச் சொல்வார்கள். முடி கொட்டினால்தான் பயோட்டினும் சாப்பிடுவார்கள். ஒரே ஆள் இரண்டையும் செய்கிறார். லேபில் கேட்டால் பேச்சு இப்படித்தான் போகும்.

‘வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களாக்கா?’

‘இல்லைங்க தம்பி, மாத்திரை எதுவும் கிடையாது. முடிக்கு மட்டும் ஒண்ணு, அது சத்து மாத்திரைதான்.’

இந்த ‘சத்து மாத்திரைதான்’ என்பதை லேபில் சொல்லுங்கள். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். பெரிய டோஸ் என்றால் எத்தனை நாள் முன்பு என்று டாக்டரைக் கேளுங்கள்.

மாத்திரை சாப்பிட்டும் இறங்கவில்லை என்றால்

மாத்திரையில் இருப்பதும் டி4தான், அதன் பெயர் தைராக்சின். அது ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும். புது டோஸ் நிலைகொண்டு, பிட்யூட்டரியும் அதற்குப் பழக, ஆறிலிருந்து எட்டு வாரம் வேண்டும். இரண்டே வாரத்தில் மறுபடி ரத்தம் கொடுத்து, ‘குறையவே இல்லை’ என்று டோஸை ஏற்றிக்கொள்வது நம் ஊர் வழக்கம். இந்தப் பொறுமையின்மை சரியில்லை. அப்படி ஏற்றிக்கொண்டே போனால் டிஎஸ்எச் 0.1-க்குக் கீழே போய், வயதானவர்களுக்கு இதயம் தாறுமாறாகத் துடிப்பதும் எலும்பு தேய்வதும் நடக்கும்.

டோஸ் சரியாக இருந்தும் எண் இறங்கவில்லை என்றால் காலைக் காபியைச் சந்தேகப்படுங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டு மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தார். இன்றும் இந்தப் பக்கத்து வீடுகளில் எழுந்ததும் கை போவது டிகாஷனுக்குத்தான். தைராக்சின் மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் குடலில் ஏறும் அளவு குறைகிறது. வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் இது நடக்காத காரியம் என்றால், ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போட்டுக்கொள்ளலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜவ்வரிசி, குச்சிக்கிழங்கு, கல் உப்பு

சேலத்தில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. 1981-ல் ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய ஊர் இது. ஆத்தூர்ப் பக்கம் போனால் ஜவ்வரிசி ஆலைகள்தான். ‘தைராய்டு இருந்தா ஜவ்வரிசி ஆகாதாமே?’

பயத்துக்கு ஒரு அடிப்படை இருக்கிறது. மரவள்ளி, அதாவது குச்சிக்கிழங்கில், சயனைடை வெளிவிடும் ஒரு பொருள் உண்டு. உடம்பு அந்தச் சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றும். அது தைராய்டுக்குள் போகும் அயோடினோடு போட்டி போடும். காங்கோவில் மூன்று வேளையும் சரியாகப் பக்குவப்படுத்தாத மரவள்ளியைச் சாப்பிட்டு, அயோடினும் கிடைக்காத ஊர்களில் கழுத்துக் கழலை பரவலாக இருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் வம்பு. கிழங்கை அரைத்து, பாலை எடுத்து, கழுவி, வறுத்துச் செய்யும் ஜவ்வரிசியில் அந்தப் பொருள் பெரும்பாலும் போய்விடுகிறது. கிழங்கைத் தோல் நீக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டால் அதிலும் குறைந்துவிடும். அயோடின் உப்பு போட்டுச் சமைக்கும் வீட்டில் பாயசத்தையும் வடகத்தையும் நிறுத்தத் தேவையில்லை. முட்டைக்கோஸுக்கும் இதே பதில்தான்.

நான் கவலைப்படுவது உப்பைப் பற்றி. நம் வீடுகளில் குழம்புக்குப் போடும் கல் உப்பு பெரும்பாலும் அயோடின் கலக்காதது. மூட்டையிலிருந்து அளந்து கொடுக்கும் உப்பில் அயோடின் இருக்கிறதா என்று கடைக்காரருக்கே தெரியாது. இமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் 1950-களில் தொடங்கிச் செய்த ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறைகிறது என்று காட்டியது. 1962-லேயே தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. இருந்தும் தமிழ்நாடு அயோடின் உப்புப் பயன்பாட்டில் பின்தங்கியே இருக்கிறது. அதே சமயம், ஹஷிமோட்டோ வந்தபின் அயோடினைக் கூட்டிச் சாப்பிட்டால் சரியாகாது, மோசமாகவும் கூடும். சாதாரண அயோடின் உப்பு, சாதாரண அளவு. அவ்வளவே.

டிஎஸ்எச் 0.01 என்றால்

இங்கே காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். ஆனால் இந்த ஒரு தாளை வைத்து நோயின் பெயரைச் சொல்ல முடியாது. சுரப்பி ஓயாமல் செய்து தள்ளும் கிரேவ்ஸ் நோயிலும் இதே எண்கள். வீங்கிய சுரப்பி, சேர்த்து வைத்ததை ஒரேயடியாகக் கொட்டிவிடும் தைராய்டிடிஸிலும் இதே எண்கள். முன்னதற்கு மருந்து வேண்டும். பின்னது சில மாதத்தில் தானே அடங்கும். அதற்கு ஹார்மோன் உற்பத்தியைக் குறைக்கும் மருந்து கொடுத்துப் பயனில்லை. பிரசவமாகி ஒரு வருடத்துக்குள் வரும் படபடப்பு பலமுறை இரண்டாவது வகை. பிரித்துப் பார்க்க எதிர்ப்பொருள் பரிசோதனையோ, ஸ்கேனோ எழுதுவார்கள். ஸ்கேன் என்றதும் புற்றுநோயோ என்று பதறாதீர்கள்.

கர்ப்பமும் குழந்தையும்

முதல் மூன்று மாதம் கர்ப்ப ஹார்மோனே தைராய்டைத் தூண்டுவதால் டிஎஸ்எச் இயல்பாகவே இறங்கும். எனவே சாதாரண வரம்பு இவர்களுக்குப் பொருந்தாது. முதல் மூன்று மாதத்தில் 2.5-க்குள் இருக்க வேண்டும் என்று 2011-ல் அமெரிக்கத் தைராய்டு சங்கம் சொன்னது. 2017-ல் அதே சங்கம் தளர்த்தி, உள்ளூர் வரம்பு இல்லாத இடங்களில் மேல்வரம்பை 4 அளவில் வைத்துக்கொள்ளலாம் என்றது. ஒரே 3.2-ஐ இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகப் பார்த்தால் காரணம் இதுதான், யாரும் ஏமாற்றவில்லை. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள், நாள் தள்ளிப்போனது தெரிந்ததுமே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் டோஸைக் கால் பங்குக்கு மேல் கூட்ட வேண்டிவரும். தொடக்க மாதங்களில் குழந்தையின் மூளை தாயின் ஹார்மோனைத்தான் நம்பியிருக்கிறது.

பிறந்த குழந்தைக்கு டிஎஸ்எச் பார்ப்பது வேறு கணக்கு. பிறந்த அரை மணி நேரத்தில் டிஎஸ்எச் எகிறி, அப்புறம் மெல்ல இறங்கும். அதனால்தான் தொப்புள்கொடி ரத்தத்தில் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் 48 மணி நேரம் கழித்துக் குதிகாலில் குத்திச் சொட்டு ரத்தம் எடுப்பார்கள். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இதைத் தவறவிடாதீர்கள். ஏற்காட்டு மலையில் நாகலூர், வெள்ளக்கடைப் பக்கம் திரும்பிப் போய்விட்டால் மறுபடி கீழே இறங்கி வருவது லேசில்லை. ‘மறுபடி ஒருமுறை ரத்தம் வேண்டும்’ என்று அழைப்பு வந்தால் அன்றைக்கே போங்கள். பெரியவர்களுக்குச் சொன்ன இரண்டு மூன்று மாதக் காத்திருப்பு இங்கே செல்லாது. இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும். மாத்திரையைப் பொடித்து, சில சொட்டுத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கலந்து, உடனே ஸ்பூனில் கொடுத்துவிட வேண்டும். புட்டி நிறையப் பாலில் கலந்தால் குழந்தை பாதியில் தூங்கிவிடும், மருந்து புட்டியிலேயே தங்கிவிடும்.